பிராங்கன்ஸ்டைன் படத்தில் திணையும் மெய்ப்பாடும்

முன்னுரை

இறந்தாரை மீட்டும் எழுப்ப வேண்டும் என்னும் வேட்கை இலக்கியத்தின் பழம்பொருள்களுள் ஒன்றாகும். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை அவ்வேட்கையைத் துயரத்தின் வாயிலாகக் காட்டுகின்றது. சுடுகாட்டுக் கோட்டத்துப் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலனை அவன் தாய் கோதமை எடுத்து வந்து, தன் உயிரைக் கொண்டு மகன் உயிரைத் தருமாறு சம்பாபதியை வேண்டுகின்றாள். தெய்வங்கள் அனைத்தும் திரண்டும் அது நிகழவில்லை. போன உயிர் தன் வினைவழிச் செல்லும் என்பதே அவள் பெற்ற விடை. அங்கே வேண்டியவள் தாய், வேண்டப்பட்டவன் மகன். உறவு முன்னே இருந்தது, உயிர்தான் மீளவில்லை.

மேலைநாட்டில் அறிவியல் வளர்ந்த பின்னர் எழுந்த கதை ஒன்று இந்நிலையைத் தலைகீழாக்கியது. அதில் உயிர் வந்துவிடுகின்றது, உறவுதான் வரவில்லை. மேரி ஷெல்லி எழுதி 1818-இல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ என்னும் புதினமே அது. அதனைத் தழுவி யூனிவர்சல் நிறுவனம் 1931-இல் ஒரு பேசும்படத்தையும், 1935-இல் ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ என்னும் அதன் தொடர்ச்சியையும் வெளியிட்டது. இரண்டையும் இயக்கியவர் ஜேம்ஸ் வேல். இரண்டிலும் படைக்கப்பட்ட உயிராக நடித்தவர் போரிஸ் கார்லாப்.

இப்படங்கள் புதினத்தின் பெருமையைக் குறைத்தன என்று கூறுவாருளர். புதினத்தில் நாவன்மையோடு பேசும் படைப்புயிரை முதற்படம் ஊமையாக்கியது. அதன் தலையில் குற்றவாளியின் மூளையை வைத்தது. இவ்விரண்டும் அவர்கள் காட்டும் குறைகள். இரண்டாவது உண்மையான குறையே என்பதும், முதலாவது குறையாகாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. உயிர்பெற்ற இவ்வுரு உயர்திணையா அஃறிணையா என்பதே இப்படங்களின் உள்ளார்ந்த வினா. அதற்குப் படம் விடை கூறுவது உரையாடலால் அன்று, மெய்ப்பாட்டினாலேயே என்பது ஈண்டு நிறுவப்பெறும்.

புதினம் பிறந்த சூழல்

1816-ஆம் ஆண்டுக் கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் தங்கியிருந்த டியோடாட்டி மாளிகையில் இக்கதை கருக்கொண்டது. முந்திய ஆண்டில் தம்போரா எரிமலை வெடித்தமையால் ஐரோப்பாவில் அவ்வாண்டு கோடையே இல்லாத ஆண்டாயிற்று. மழையால் வீட்டினுள் அடைபட்டிருந்தோர் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென முடிவு செய்தனர். மேரிக்கு அப்பொழுது அகவை 18.

அக்காலத்து அறிவியல் உலகில் உயிருக்கும் மின்னாற்றலுக்கும் உள்ள தொடர்பு பெரிதும் பேசப்பட்டது. இறந்த தவளையின் கால்கள் மின்னால் துடிப்பதைக் கால்வானி கண்டறிந்து 1791-இல் வெளியிட்டார். அவருடைய மருகர் ஆல்டினி 1803-இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்னைச் செலுத்தினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. நீரில் மூழ்கி மூச்சடங்கியோரைப் பிழைப்பிப்பதற்கென்றே இலண்டனில் 1774 முதல் ஒரு கழகம் இயங்கிவந்தது. இறப்பின் எல்லை எங்குள்ளது என்பது அறிஞரிடையே ஐயத்திற்குரியதாகிய காலம் அது.

மேரியின் வாழ்க்கையும் இவ்வெல்லையில் நின்றதே. அவரை ஈன்ற தாய் மேரி உல்ஸ்டன்கிராப்ட் 1797-இல் மகப்பேற்றை அடுத்த சில நாள்களிலேயே இறந்தார். 1815-இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த முதற் குழந்தையும் சில நாள்களில் இறந்தது. அக்குழந்தை இறக்கவில்லை, குளிரால் விறைத்திருந்தது, தீயருகே வைத்துத் தேய்க்க உயிர்த்தது என்று தாம் கனவு கண்டதை அவர் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். கோதமையின் வேட்கையே இது. எனினும் புதினத்தில் மேரி படைத்த விக்டர் பிராங்கன்ஸ்டைன் இழந்த மகனை மீட்பவன் அல்லன். பெயரும் உறவும் இல்லாத ஓர் உயிரைப் பிணக்கூறுகளினின்றும் ஆக்குபவன். ஆக்கிய அந்நொடியே அதன் முகத்தைக் கண்டு வெருவி ஓடுபவன். எம்முறையால் உயிரூட்டினான் என்பதைப் புதினம் விரித்துரைக்கவில்லை. ஓடினான் என்பதையே விரித்துரைக்கின்றது. ஆகலின் இறப்பை வென்றதைக் காட்டிலும் பெற்றதைக் கைவிட்டதே பழியாகப் புதினத்தில் நிற்கின்றது.

கைவிடப்பட்ட அவ்வுயிர் ஒரு குடிசைக் குடும்பத்தை மறைந்திருந்து நோக்கிப் பேசக் கற்கின்றது. மில்டனின் ‘துறக்க நீக்கம்’ முதலிய நூல்களைப் பயில்கின்றது. பின்னர்ப் படைத்தவனை நேரிற் கண்டு வழக்குரைக்கின்றது. புதினத்தின் நடுப்பகுதி முழுதும் அதன் கூற்றே. சொல்லாற்றலாலேயே அது தன்னை மக்களுள் ஒருவனாக மெய்ப்பிக்கின்றது.

மேடை தந்த ஊமைமை

சொல்லை நீக்கியது திரைப்படத்தின் புதுமை என்று கருதுதல் பொருந்தாது. 1823-இல் இலண்டனில் இக்கதை முதன்முதலாக மேடையேறியபொழுதே அப்பாத்திரம் பேசாப் பாத்திரமாயிற்று. விளம்பரத்தாளில் அதன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்நாடகத்தைக் கண்ட மேரி ஷெல்லி, பெயரில்லாததைப் பெயரின்றியே சுட்டிய அம்முறையைப் பாராட்டியுள்ளார். 1931-ஆம் ஆண்டுப் படமும் இம்மரபைப் போற்றியது. தொடக்கத்தில் வரும் நடிகர் பட்டியலில் படைப்புயிரின் எதிரே ஒரு வினாக்குறி மட்டுமே காணப்படும். கார்லாப்பின் பெயர் இறுதிப் பட்டியலிலேதான் வருகின்றது.

கோடும் வினாக்குறியும் ஒரு பொருளனவே. பெயரிடுவோர் இல்லாத உயிரை எத்திணையில் வைப்பது என்பதே அவ்வினா. தொல்காப்பியர் உயர்திணைக்கு ‘மக்கட் சுட்டு’ என்று இலக்கணம் கூறினார். மக்கள் என்று கருதிச் சுட்டப்படுவதே உயர்திணை என இதற்குப் பொருள் கொள்வோமாயின், திணை என்பது உடலமைப்பினால் மட்டும் அமைவதன்று. சுட்டுவோர் நெஞ்சத்தாலும் அமைவதாகும். இப்படத்தின் நிகழ்ச்சிகள் யாவும் இக்கருத்திற்கு எடுத்துக்காட்டாகும் தன்மையன. உயிரூட்டும் காட்சியில் கையசையக் கண்டு ஹென்றி பிராங்கன்ஸ்டைன் எழுப்பும் புகழ்பெற்ற கூக்குரலில் அவ்வுரு அஃறிணைச் சொல்லாலேயே சுட்டப்படுகின்றது. சில நாள் கழிந்து தன் ஆசிரியர் வால்ட்மனிடம் பேசுங்கால் அவனே அதனை ஆண்பாற் சொல்லாற் சுட்டுகின்றான். திணை மாறுகின்றது. ஆனால் அம்மாற்றத்தில் அவன் நிலைத்து நிற்கவில்லை. படத்தின் துன்பம் அங்கே தொடங்குகின்றது.

இறப்பின் முகத்தில் மண்

படம் ஓர் இடுகாட்டிலே தொடங்குகின்றது. பிணத்தைப் புதைத்தோர் அழுது அகன்றபின், வேலியின் பின்னே பதுங்கியிருந்த ஹென்றியும் அவன் ஏவலாள் பிரிட்ஸும் வந்து புதைகுழியைத் தோண்டுகின்றனர். அவ்விடத்தே கூற்றத்தின் உருவச்சிலை ஒன்று எலும்புக்கூடாய் நிற்கின்றது. ஹென்றி வாரி எறியும் மண் அச்சிலையின் மேல் விழுகின்றது. அவன் அதனைக் கவனிப்பதும் இல்லை. இறப்பை வஞ்சிக்கப் புகுந்தவனின் செருக்கு ஒரு சொல்லும் இன்றி இவ்வாறு உணர்த்தப்பெறுகின்றது. தோண்டியெடுத்த பெட்டியை அணைத்துக்கொண்டு, உள்ளிருப்பவன் ஓய்வு கொள்கின்றான், புதுவாழ்வு பெறக் காத்திருக்கின்றான் என்னும் கருத்துப்பட அவன் பேசுகின்றான். பிணத்தின்பால் அவன் காட்டும் இக்கனிவு, உயிர் பெற்றபின் அவ்வுயிர்மேல் இல்லாமற் போவது நினைவிற் கொள்ளத்தக்கது.

இயக்குநர் வேல் முதல் உலகப்போரில் போரிட்டுச் செருமானியரிடம் சிறைப்பட்டிருந்தவர். பதுங்குகுழி வாழ்வைக் கூறும் ‘பயண முடிவு’ என்னும் நாடகத்தை மேடையிலும் திரையிலும் இயக்கிப் புகழ் பெற்றவர். அந்நாடகத்தின் தலைமைப் பாத்திரமேற்ற கோலின் கிளைவே இப்படத்தில் ஹென்றியாக நடித்தார். நடுங்கும் குரலும் தீயெனக் கனலும் கண்ணும் உடைய அவருடைய நடிப்பு, வெறிக்கும் அறிவு வேட்கைக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை நன்கு புலப்படுத்துகின்றது.

ஆய்வுக்கூடக் காட்சி இடியும் மின்னலும் சூழ நிகழ்கின்றது. புதினம் மறைத்ததைப் படம் காட்சியாக்குகின்றது. மேசையோடு உடல் கூரையின் திறப்பு வரை உயர்த்தப்படுகின்றது, மின்னல் பாய்கின்றது, கீழிறக்கியபின் ஒரு கை மட்டும் மெல்ல அசைகின்றது. இவ்வளவு பெரிய ஆரவாரத்தின் முடிவில் காட்டப்படுவது ஐந்து விரல்களே என்பது வேலின் அடக்கத்திற்குச் சான்று. கடவுளாதல் எத்தகையதென இப்பொழுது அறிந்தேன் என்னும் பொருள்பட ஹென்றி அடுத்துக் கூறும் கூற்றைத் தணிக்கையாளர் பொறுக்கவில்லை. மறுவெளியீட்டில் அக்கூற்று நீக்கப்பட்டு, 1980-களிலேதான் மீண்டும் சேர்க்கப்பட்டது.

மூளை மாற்றம் என்னும் குறை

இனிக் குறை என்று மேற்கூறியதை ஆராய்வோம். மருத்துவக் கல்லூரியில் வால்ட்மன் இரு மூளைகளைக் காட்டி விரிவுரை நிகழ்த்துகின்றார். ஒன்று இயல்பான மூளை. மற்றொன்று கொலையும் கொடுமையும் செய்து வாழ்ந்தவனது மூளை. அதனைத் திருட வந்த பிரிட்ஸ் நல்ல மூளையிருந்த கண்ணாடிக் கலத்தை ஓசை கேட்டு வெருவிக் கீழே போட்டுவிடுகின்றான். தீய மூளையை எடுத்துச் செல்கின்றான். இது புதினத்தில் இல்லாத நிகழ்ச்சி.

இதனால் விளையும் கேடு பெரிது. தீமை பிறப்பிலேயே அமைந்தது என்று ஆகுமாயின் படைத்தவன் மேல் பழியில்லை. கலம் உடைந்தது தற்செயல். தற்செயலுக்கு யாரும் பொறுப்பாகார். புதினம் எழுப்பிய அறவினா ஓர் ஏவலாளின் கைநடுக்கத்தில் கரைந்துபோகும். குற்றம் செய்வோர் உடற்கூற்றாலேயே குற்றவாளிகள் என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டில் லொம்பிரோசோ முதலியோரால் பரப்பப்பட்டு, பின்னர் அறிஞரால் மறுக்கப்பட்டது. அக்கொள்கையின் நிழல் இக்காட்சியின்மேல் படிந்துள்ளது.

எனினும் படம் தான் புகுத்திய காரணத்தைத் தானே நம்பவில்லை என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும். படைப்புயிர் செய்யும் கொலைகளை வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். சங்கிலியாற் கட்டுண்டு கிடக்கும் அதனைச் சவுக்காலும் தீப்பந்தத்தாலும் வதைத்த பிரிட்ஸ் முதலில் இறக்கின்றான். மயக்கத்தில் ஆழ்த்தி உடலை அறுக்கக் கத்தியெடுத்த வால்ட்மன் அடுத்து இறக்கின்றார். முன்னது துன்புறுத்தியவனை எதிர்த்தது. பின்னது தன்னுயிர் காத்தது. நல்ல மூளையுடையோனும் அந்நிலையில் அவ்வாறே செய்திருப்பான். மூன்றாவது இறப்பு ஏரிக்கரையில் நிகழ்வது. அதனைப் பின்னர்க் காண்போம். களவுபோன மூளை குற்றவாளியினுடையது என்று வால்ட்மன் அறிவிக்குங்கால் ஹென்றி ஒரு கணம் திடுக்கிட்டு, அஃது உயிரற்ற தசைத்துண்டே என்று தள்ளிவிடுகின்றான். அவன் செருக்கினாற் கூறியதாயினும் படத்தின் போக்கு அவன் சொல்லையே மெய்யாக்குகின்றது.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. மணநாளில் எலிசபெத்தின் அறைக்குள் படைப்புயிர் புகுந்து அவளை அச்சுறுத்துகின்றது. புதினத்தில் அது பழிவாங்கும் நோக்குடன் அவளைக் கொல்கின்றது. அந்நோக்கிற்குக் காரணமும் அங்கே முன்னர்க் கூறப்பட்டுள்ளது. படத்தில் அக்காரணம் எடுபட்டது. காட்சி மட்டும் எஞ்சியது. ஆகவே அஃது ஏன் வந்தது, ஏன் அவளைக் கொல்லாது சென்றது என்பன விளங்கவில்லை. படத்தின் மிக வலிவற்ற பகுதி இதுவே. வெறும் அச்சத்திற்காக அமைத்த காட்சி பொருளற்றுப் போகும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

அச்சம் யாருடையது?

அச்சத்திற்கு நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். படைப்புயிரை ஊரார் அணங்காகவும் விலங்காகவுமே காண்கின்றனர். படம் பார்க்க வந்தோரும் அவ்வாறே காணுமாறு தொடக்கம் அமைந்துள்ளது. திரை விலகுமுன்னரே ஒருவர் தோன்றி, வருவது அஞ்சத்தக்கது என அவையோரை எச்சரிக்கின்றார்.

படைப்புயிர் முதன்முதல் தோன்றும் காட்சியில் காலடி ஓசை முந்தி வருகின்றது. கதவு திறக்க, முதுகைக் காட்டியவாறு ஓர் உரு பின்னடியிட்டு நுழைந்து மெல்லத் திரும்புகின்றது. காமிரா அம்முகத்தை அடுத்தடுத்து மூன்று நிலையில் நெருங்கிக் காட்டுகின்றது. பின்னணி இசை எதுவும் இல்லை. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் அமைத்த தட்டைத் தலையும், தாழ்ந்த இமைகளும், கழுத்தின் இருபுறத்து ஆணிகளும் பிணத்தின் தன்மையையே காட்டுகின்றன. இதுவரை எழுவது அச்சமும் மருட்கையுமே.

இதனை அடுத்த காட்சியே இப்படத்தின் உயிர்நிலை. இதுகாறும் இருளிலேயே வைக்கப்பட்ட அவ்வுருவை அமரச் செய்து, ஹென்றி கூரையின் திறப்பை விலக்குகின்றான். ஒளி விழுகின்றது. முகம் மேலே நிமிர்கின்றது, உடல் எழுகின்றது, இரு கைகளும் ஒளியைப் பற்ற உயர்கின்றன. ஹென்றி திறப்பை மூடிவிடுகின்றான். ஒளி மறைந்ததும் அக்கைகள் அவனை நோக்கித் தாழ்ந்து விரிகின்றன. எது போயிற்று, ஏன் போயிற்று என்று கேட்கச் சொல் இல்லை; கைகளே கேட்கின்றன. பிறந்த குழவி ஒளியை நோக்குவதும் தாயை நோக்குவதும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. புதினத்தில் பல பக்கம் பேசி நிறுவியதைக் கார்லாப் இரு கைகளால் நிறுவிவிடுகின்றார். இக்காட்சியைக் கண்டபின் அவ்வுருவை அஃறிணையாற் சுட்டுதல் பொருந்தாது. இக்கட்டுரையும் இனி ‘அவன்’ என்றே வழங்கும்.

அந்நேரத்தில் பிரிட்ஸ் தீப்பந்தத்தோடு ஓடி வருகின்றான். ஒளியை விரும்பிய கண்கள் தீயைக் கண்டு வெருவுகின்றன. அவன் கைகளை வீசி அலறுகின்றான். அச்சத்தாற் கதறுவதை மற்றையோர் தாக்குதல் என்று கொண்டு, அடித்து வீழ்த்திச் சங்கிலியிற் பூட்டுகின்றனர். மெய்ப்பாட்டைத் தவறாகப் படித்தமையே இங்கு நிகழ்ந்த கேடு. சில நிமிடங்களுக்கு முன் ‘அவன்’ என்றவன் அதனைத் திருத்தவும் முயலவில்லை.

மெய்ப்பாட்டியலின் பழைய உரையில் ஈண்டு வேண்டப்படும் நுண்கருத்து ஒன்று உண்டு. அஞ்சத்தக்க பொருளைக் கண்டு அஞ்சி ஓடிவரும் ஒருவனைக் காண்போர்க்கு அச்சம் பிறப்பதில்லை; நகையோ இரக்கமோ பிறத்தலே இயல்பு என்பது அது. இவ்விதி இப்படத்திற்கு முற்றும் பொருந்துகின்றது. அஞ்சுபவனைக் கண்டு பிரிட்ஸ் நகுகின்றான். காண்போராகிய நாம் இரங்குகின்றோம். அவன் அச்சத்தின் நிலைக்களனாக இருந்தவரை நாம் அஞ்சினோம். அவனே அஞ்சத் தொடங்கியபொழுது நம் சுவை மாறிவிடுகின்றது. திகிற்படம் என்று பெயர்பெற்ற ஒன்று தன் நடுவிலேயே அழுகைச் சுவையின்பாற் செல்வது இவ்வாறுதான்.

அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் நிலைக்களன்கள். பிறரால் இகழப்படுதலாகிய இளிவும், தந்தை போல்வானை இழந்த இழவும், வதைபட்டுத் தளரும் அசைவும், பெயர்தானும் இல்லாத வறுமையும் ஒருங்கே இவன்பால் உள்ளன. நான்கையும் கார்லாப் முகத்தாலும் கையாலுமே புலப்படுத்துகின்றார். பேச்சு இருந்திருப்பின் இவை கூற்றாக நின்றிருக்கும். பேச்சு இன்மையாலன்றோ மெய்ப்பாடாயின.

ஏரிக்கரைக் காட்சியும் தணிக்கையும்

தப்பியோடியவன் ஏரிக்கரையில் மேரியா என்னும் சிறுமியைக் காண்கின்றான். அவனைக் கண்டு அஞ்சாத முதல் உயிர் அவளே. கைபிடித்து அழைத்துச் சென்று பூக்களைத் தருகின்றாள். பூக்களை நீரில் எறிய, அவை தோணிபோல் மிதக்கின்றன. அவன் முகத்தில் நகை அரும்புகின்றது. இதுவரை அவன்பால் தோன்றாத உவகை இங்கே தோன்றுகின்றது. பூக்கள் தீர்ந்தன. மலர் போன்றவளும் மலர்போல் மிதப்பாள் எனக் கருதி அவளைத் தூக்கி நீரில் எறிகின்றான். அவள் மூழ்கக் கண்டு, கலங்கித் தள்ளாடி ஓடுகின்றான்.

உவமையை உண்மையெனக் கொண்டவனின் பிழை இது. உவமம் வேறு, பொருள் வேறு என்று அவனுக்குக் கற்பிப்பார் யாருமிலர். இங்கே குற்றவாளியின் மூளைக்கு வேலையே இல்லை. கற்பிக்கப்படாமையே காரணம், கற்பிக்க வேண்டியவன் ஊரில் மணக்கோலம் பூண்டுள்ளான். இறந்த மகளைத் தந்தை ஏந்திக்கொண்டு, மணவிழா ஆடல் பாடல்களின் இடையே தெருவழி நடந்து வருவதும், அவன் செல்லச்செல்ல ஆட்டம் ஒவ்வொன்றாக அடங்குவதும் இக்காரணத்தை நமக்கு உணர்த்துவனவே.

இக்காட்சிக்கு நேர்ந்ததும் அறியத்தக்கது. முதல் வெளியீட்டின்போதே சில இடங்களிலும், 1930-களின் பிற்பகுதியில் மறுவெளியீட்டின்போது பொதுவாகவும், சிறுமியை எறியும் பகுதி வெட்டப்பட்டது. அவன் அவளை நோக்கிக் கைநீட்டும் இடத்தோடு காட்சி முடிந்தது. அடுத்துக் காண்பது அவள் பிணமே. இடையில் நிகழ்ந்தது யாது எனக் காண்போர் தாமே கருதிக்கொண்டனர். அவ்வாறு கருதியது நிகழ்ந்ததைவிடக் கொடியதாயிற்று. கொடுமையை மறைக்க எண்ணிய தணிக்கை, அறியாப் பிழையைக் கொடுங்குற்றமாக்கிவிட்டது. அரை நூற்றாண்டளவு இப்படத்தைக் கண்டோருட் பலர் கண்டது இக்குறையுருவையே. 1980-களில் அப்பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டபின்னரே படத்தின் கருத்து முழுமை பெற்றது. ஏடு சிதைந்த பாடலுக்குப் பாடம் மீட்டுப் பொருள் காண்பதுபோல, திரைப்படத்திற்கும் பாட ஆராய்ச்சி இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

படத்தின் இறுதியில் ஊரார் தீப்பந்தங்களுடன் திரண்டு அவனைத் துரத்துகின்றனர். காற்றாலையினுள் படைத்தவனும் படைக்கப்பட்டவனும் சுழலும் சக்கரத்தின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் நோக்குகின்றனர். ஆரைகளின் இடையே மாறிமாறித் தோன்றும் அம்முகங்களுள் எது யாருடையது என்று ஒரு கணம் மயங்குகின்றோம். பின்னர்க் காற்றாலை எரிகின்றது. அவன் முதன்முதல் அஞ்சியதும் தீ. அவனை இறுதியிற் சூழ்ந்ததும் தீ.

சொல் பெற்றபின்

1935-ஆம் ஆண்டுப் படத்தில் அவன் உயிர்பிழைத்து வருகின்றான், பேசவும் கற்கின்றான். அவனுக்குப் பேச்சுத் தந்ததைக் கார்லாப் விரும்பவில்லை. முதற்படத்தின் ஆற்றல் ஊமைமையில் இருந்ததை உணர்ந்த கலைஞரின் அச்சம் அது. எனினும் பேச்சு வந்த முறை நோக்கத்தக்கது. காட்டுக் குடிசையில் வாழும் கண்ணிழந்த துறவியார் யாழ்போல்வதொரு நரம்புக்கருவியை இசைக்கக் கேட்டு அவன் உள்ளே செல்கின்றான். முகத்தைக் காண இயலாதவராகலின் அவர் அவனை மக்களுள் ஒருவனாகவே ஏற்கின்றார். உணவளிக்கின்றார், தனிமை தீர நண்பனைத் தந்தமைக்கு இறைவனை வாழ்த்துகின்றார். அவன் கன்னத்தில் கண்ணீர் வழிகின்றது. அப்பம், நண்பன், நல்லது என்னும் சொற்களை அவன் பின்னரே கற்கின்றான்.

இங்கே நிரல் இன்றியமையாதது. புதினத்தில் அவன் முதலில் மொழியைக் கற்று, அதனைக் கொண்டு உறவை வேண்டி, மறுக்கப்படுகின்றான். படத்தில் முதலில் உறவு கிடைக்கின்றது. அவ்வுறவினின்றே மொழி பிறக்கின்றது. மக்கள் என்று சுட்டப்பட்டபின் மக்கட் பேச்சு வாய்க்கின்றது. முதற்படத்தில் அவன் ஊமையாயிருந்தமைக்கும் இப்பொழுது காரணம் புலனாகின்றது: பேசுவதற்கு எதிரே ஒருவரும் இல்லாமையே அது. ஆகவே இரண்டாம் படத்துப் பேச்சு முதற்படத்து ஊமைமையை அழிப்பதன்று. அதற்கு உரை வகுப்பதாகும். கண்ணுடையோர் இருவர் வழிதவறி அங்கு வருமளவே இவ்வின்பம் நிலைக்கின்றது. அவர்கள் கண்டனர், துப்பாக்கி எடுத்தனர், குடிசை தீப்பற்றியது.

பின்னர்ப் பிரிட்டோரியஸ் என்னும் மற்றோர் அறிஞன் தூண்ட, ஹென்றி அவனுக்கொரு துணையைப் படைக்கின்றான். எல்சா லாஞ்செஸ்டர் நடித்த அம்மணமகள் அவனைக் கண்டு அலறுகின்றாள். தன்னைப்போல் பிறந்தவளும் ஊரார் கண்கொண்டே நோக்குகின்றாள் எனக் கண்டபின், அவன் ஹென்றியையும் எலிசபெத்தையும் வாழப் போகுமாறு விடுக்கின்றான். தானும் மணமகளும் பிரிட்டோரியஸும் இறந்தோர் உலகிற்கே உரியர் என்று கூறி, கண்ணீரோடு நெம்புகோலை இழுக்க, ஆய்வுக்கூடம் தகர்கின்றது.

இறப்பை வஞ்சித்த கதை இவ்வாறு முடிகின்றது. படைத்தவன் இறப்பினின்றும் திருடியதைப் படைக்கப்பட்டவன் தானே திருப்பித் தருகின்றான். யார் வாழத்தக்கார், யார் அல்லர் எனத் தீர்ப்பளிக்கும் பொறுப்பை இரு படங்களிலும் ஹென்றி ஒருகாலும் ஏற்றதில்லை. இறுதியில் அதனை ஏற்பவன் அவனே. தன்னைக் கைவிட்டவனையும் வாழவிட்ட அச்செயல், பெருமிதத்தின்பாற் படும். அணங்காகவும் விலங்காகவும் சுட்டப்பட்டவன் தன் செயலால் உயர்திணைக்குரியன் ஆகின்றான். எனினும் அவன் எடுத்த முடிவு முழுதும் அறமென ஏற்கத்தக்கதன்று. தன்னைப்போலவே பெயரின்றிப் பிறந்த அம்மணமகளின் விருப்பத்தை அவனும் கேட்கவில்லை. கைவிடப்பட்டவன் தன்னின் மெலியாளுக்கு அதனையே செய்கின்றான் என்பதைப் படம் மறைக்கவும் இல்லை, கடியவும் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மூளை மாற்றம் படத்தின் அறக்கருத்தோடு பொருந்தாத ஒட்டு என்பதும், ஊமைமை மெய்ப்பாட்டிற்கு இடந்தந்த வளமான மரபு என்பதும், இரண்டாம் படத்துப் பேச்சு அதனை நிறைவு செய்கின்றது என்பதும் பெறப்பட்டன.

மூச்சடங்கியோரை மீட்பதும், ஒருவர் இதயத்தை மற்றொருவர்க்குப் பொருத்துவதும் மருத்துவத்தில் இன்று கைவந்த செயல்களாகிவிட்டன. அவற்றைக் கண்டு அஞ்சுமாறு இப்படங்கள் கூறவில்லை. உயிர் தருதல் ஒரு நாளில் முடியும் செயல். அவ்வுயிரை மக்கள் என்று சுட்டுதல் நாள்தோறும் செய்யவேண்டிய செயல். முன்னதில் வெற்றி கண்டு பின்னதில் தவறியவன் கதையே இது. சம்பாபதியின் முன் நின்ற கோதமைக்கு உயிர் தரும் ஆற்றல் இல்லை. ஆனால் மகனைச் சுட்டும் சொல் இருந்தது. ஹென்றிக்கு ஆற்றல் இருந்தது. தான் படைத்தவனுக்கு அவன் ஒரு பெயரும் இடவில்லை.